பந்திக்கரம் மறந்த இலை

செண்பகவல்லியும் ரிஸ்வானும் பேச்சை நிறுத்திக்கொண்டதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். அந்தச் சொல், 'போதும்'.

கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பாளையங்கோட்டை உபயம் ஆட்டோமேஷன்ஸ் ஆபீஸில் யாருக்கும் வரவில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாற ஆள் கிடைக்காமல் ஊரே திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. சம்பந்தி வீட்டாரே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கண்றாவியெல்லாம் நடந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் உபயம் ஓர் இயந்திரத்தைக் கட்டியது. மேலே தண்டவாளம், அதில் சறுக்கிக்கொண்டு ஓடும் கைகள், கைக்கொரு வாளி. 'பந்திக்கரம்' என்று அழகாகப் பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரே நாளில் அதை 'வாளிக்காரன்' ஆக்கிவிட்டார்கள்.

வாளிக்காரனிடம் ஒரு விசேஷம் உண்டு. நாற்காலியில் பதித்த பசிமானி, உட்கார்ந்தவருக்கு எவ்வளவு பசி என்று அதற்குச் சொல்லிவிடும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் வெளியே நாலு வடையைத் தின்றுவிட்டு வந்தவனைக்கூட அது கண்டுபிடித்துவிடும். நல்லவேளையாகக் காட்டிக்கொடுக்காது.

இயந்திரம் எப்படி இருக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டு, தேவைகளை வரையறுத்து எழுதுவது செண்பகாவின் வேலை. அவள் எழுதியதை அப்படியே கட்டுவது ரிஸ்வானின் வேலை. அவன் மேலப்பாளையத்துப் பையன். எழுதியதற்கு மேல் ஒரு திருகாணிகூட அதிகமாக முடுக்க மாட்டான். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் அம்மா கொடுத்தனுப்பும் கத்தரிக்காய்ப் பச்சடியில் பாதி செண்பகாவுக்குத்தான் போகும்.

முதல் சோதனை ஒரு புதுமனை புகுவிழாவில் நடந்தது. 'விருந்தினர் போதும் என்றால், கரம் உடனே நிறுத்த வேண்டும்' என்று செண்பகா எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தால் நியாயமான வரிதான். ஆனால் நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எப்போது 'போதும்' என்பார்கள்? முதல் கரண்டிச் சோறு இலையில் விழுவதற்கு முன்பே சொல்வார்கள். வாய்தான் சொல்லும், கண் வாளியிலேயே இருக்கும். வைப்பவர்கள் அதைக் காதில் வாங்காமல் இன்னும் இரண்டு கரண்டி வைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் அது மரியாதை.

வாளிக்காரன் நல்ல பிள்ளை. சொன்ன உடனே நிறுத்திவிட்டான். ஒரு அண்ணாச்சிக்கு இலையில் விழுந்தது ஒரு கைப்பிடிச் சோறு. அவரும் கௌரவத்தை விடாமல் அதையே பிசைந்து தின்றுவிட்டு, "பிரமாதம்!" என்று கையைக் கழுவினார். அன்றைக்கு அந்தத் தெருமுனைப் பரோட்டாக் கடையில் மாவு தீர்ந்துபோய்ச் சீக்கிரமே கடையைச் சாத்தினார்கள். 'கூப்பிட்டுப் பட்டினி போட்டு அனுப்பினான்' என்ற பேர் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் முதலாளி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எழுதினபடி ஒழுங்கா கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா சார்?" என்றாள் செண்பகா.

"எழுதினபடிதான் சார் கட்டுனேன். அதுதான் வினையே" என்றான் ரிஸ்வான்.

அத்தோடு சரி. பேச்சு நின்றுவிட்டது. ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் எதைச் சொல்வதானாலும் ஆபீஸ் மென்பொருளில் டிக்கெட் போட்டுத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஒருமுறை முதலாளி அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். 'தேவை: ஜன்னலைச் சாத்தவும். முன்னுரிமை: மிக அதிகம்.' அதற்குக் கீழே: 'நிலை: முடிந்தது.' ஜன்னல் செண்பகாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

'போதும்' வரியை அவள் திருத்திவிட்டாள். மூன்று தடவை சொன்னால்தான் போதும். அல்லது இரண்டு கையையும் விரித்து இலையை மறைத்தால் போதும். அதற்குப் பிறகு வாளிக்காரன் ஊர் முழுக்கப் பிரபலமாகிவிட்டான். கத்தரிக்காய்ப் பச்சடி மட்டும் வரவில்லை. செண்பகாவுக்கு அது ரொம்பவே வலித்தது. ஆனால் முதலில் போய்ப் பேச மட்டும் மாட்டாள்.

இந்த நிலையில்தான் காந்திமதி அக்கா மகளின் மறுவீடு வந்தது.

நெல்லைப் பக்கம் மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் காய்கறிகளை வேகவைத்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியோடு, கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. கல்யாணச் சாப்பாட்டில் குறை வந்தால்கூட மன்னிப்பார்கள். சொதியில் குறை வந்தால் பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

தேவைகளைக் கேட்டு எழுத செண்பகா அவர்கள் வீட்டுக்குப் போனாள். காந்திமதியின் கணவர் சங்கரலிங்கம் மூச்சு விடாமல் சொன்னார். சொதி சூடு ஆறக் கூடாது. இஞ்சிப் பச்சடி இரண்டு தடவை வர வேண்டும். சம்பந்தி வரிசைக்கு முதலில் போக வேண்டும். அப்பளம் உடையக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தவளை, காந்திமதி மெல்ல அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

"என் தேவைய நீ கேக்கவே இல்லியே தாயி."

"சொல்லுங்கக்கா, எழுதிக்கிடுதேன்."

"எங்கண்ணன் சாப்பிட்டுட்டுப் போகணும். அவ்வளவுதான். எழுதிக்கோ."

விஷயம் இதுதான். காந்திமதியின் அண்ணன் ஆறுமுகநயினார், கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். மூத்த மகள் கல்யாணத்தில் அவர் மனம் முறிந்துபோயிருந்தது.

"பத்திரிகைய ஃபோன்ல ஏதோ ஒரு ஆப்பு மொத்தமா எல்லாருக்கும் அனுப்பிட்டு. தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, நேர்ல போயி, மொத அழைப்பு தாய்மாமனுக்குல்லா வைக்கணும்? எங்கண்ணனுக்கும் பால்காரருக்கும் ஒரே நிமிசத்துல போயிருக்கு. அன்னையிலருந்து விசேசத்துக்கு வருவாவ, செய்முறை செய்வாவ, பச்சத்தண்ணி குடிக்க மாட்டாவ."

"இந்தத் தடவ நேர்ல போனீயளா?"

"போகாம? ரெண்டு பேருமாப் போயித்தான் வச்சோம். வாங்கிக்கிட்டாவ. 'சாப்பாட்ட மட்டும் பேசாத'ன்னுட்டாவ. இது கடைசிப் பொண்ணு தாயி. எங்க வீட்டுல இனிமே மறுவீடு கிடையாது. தாய்மாமன் சாப்பிடாத சொதி என்ன சொதி? அன்னைக்கும் அவிய பட்டினியாப் போனா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுக்கப்புறம் கூப்புடுவேன்?"

செண்பகா எழுதுவதை நிறுத்தினாள். "அக்கா, மெஷின் சோத்த வைக்கும். சாப்பிட வைக்காது. இத தேவைன்னு எழுத முடியாது. இது ஆசை."

"எனக்கு இதுதான் தேவை. மத்ததெல்லாம்தான் ஆசை" என்றாள் காந்திமதி. கூடத்தில் கணவர் இன்னும் அப்பளத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

செண்பகா ஆபீஸுக்குத் திரும்பி ஆவணத்தை எழுதினாள். சூடு, வரிசை, பச்சடி, அப்பளம் எல்லாம் இருந்தது. அண்ணன் மட்டும் அதில் இல்லை. அடித்து அடித்து எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் ரிஸ்வான் 'தெளிவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவான் என்று தோன்றியது. விட்டுவிட்டாள். விட்டது மனதுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுவீட்டன்று மண்டபம் கலகலவென்று இருந்தது. மேடைக்குக் கீழே கட்டுப்பாட்டுப் பெட்டியோடு ரிஸ்வான். எதிர் மூலையில் கைத்திரையோடு செண்பகா. ஆறுமுகநயினார் வெள்ளை வேட்டி சட்டையில், முறுக்கிய மீசையோடு வந்தார். சீர்த்தட்டைக் கொடுத்தார், பெண்ணை ஆசீர்வாதம் பண்ணினார், ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட வாருங்கள் என்றவர்களிடமெல்லாம், "வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார்.

கதை தெரியாத ஒரே ஆள் மாப்பிள்ளைதான். அவன் நேராகப் போய், "என்ன மாமா, தனியா உக்காந்திருக்கிய? வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். புது மாப்பிள்ளை கையை யாரால் உதற முடியும்? வாசல் பக்கம் கடைசி இலையில் உட்காரவைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

செண்பகாவின் திரையில் அந்த நாற்காலியின் பசி உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவராம்! காலையிலிருந்து மனிதர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

உப்பு வந்தது. நயினார் இரண்டு கையையும் விரித்து இலையை மறைத்தார். இஞ்சிப் பச்சடி வந்தது. மறைத்தார். பொரியல் வந்தது. மறைத்தார். வாளிக்காரன் ஒவ்வொரு முறையும் பணிவாகக் கையை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். ஒவ்வொரு முறையும் செண்பகாவின் திரையில் ஒரு பச்சை டிக் விழுந்தது. 'விருந்தினர் விருப்பம் மதிக்கப்பட்டது.' பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காந்திமதி வேர்த்து விறுவிறுத்து அவளிடம் ஓடி வந்தாள். "என்ன தாயி, அண்ணன் சாப்பிடுதாவளா?"

"இலைய மறைச்சுக்கிடுதாங்கக்கா."

"பக்கத்துல இருக்கவன் ஒருத்தன்கூடவா கேக்கல? நம்ம பந்தியில இலை காலியா இருந்தா நாலு பேரு சத்தம் போடுவாவளே!"

செண்பகா வரிசையைப் பார்த்தாள். அவரவர் இலையில் அவரவர் குனிந்திருந்தார்கள். "மெஷின் பாத்துக்கிடும்னு இருக்காங்கக்கா. அது பாக்கதனால அடுத்தவன் இலைய யாரும் பாக்கதில்ல."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். இது அவள் எழுதாமலே வந்து சேர்ந்த விளைவு.

"நான் போயி வைக்கட்டா?"

"நீங்க போனா இன்னும் இறுக்கி மறைப்பாங்க. அதுக்குத்தான் தயாரா வந்து உக்காந்திருக்காங்க."

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. மனிதர் சாப்பிட வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார். ஊர் முன்னால் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒவ்வொரு தடவை, வேண்டாம், வேண்டாம் என்று. வாளிக்காரன் அதற்கு வசதியாக ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்!

கைத்திரையில் பரபரவென்று டிக்கெட் போட்டாள். 'தேவை: வாசல் பக்கம் கடைசி இலையை விட்டுவிடவும். கேட்கக்கூட வேண்டாம்.'

எதிர் மூலையிலிருந்து பதில் வந்தது. 'ஆவணத்தில் இல்லை.'

'இப்போது சேர்த்துவிட்டேன்.'

'காரணம்?'

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். சொல்ல விடாதே.'

ரிஸ்வான் பெட்டியிலிருந்து தலையை உயர்த்தினான். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அவளை நேராகப் பார்த்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு குனிந்து எதையோ அழுத்தினான்.

சோறு வந்தது. நயினார் கைகளை விரித்துத் தயாரானார். வாளிக்காரன் பக்கத்து இலையில் சோற்றைக் குவித்துவிட்டு, விரித்த கைகளுக்கு மேலாகவே விர்ரென்று போய்விட்டான். நயினார் அண்ணாந்து பார்த்தார். அடுத்து பருப்பு. அதுவும் நிற்கவில்லை. அடுத்து நெய். நெய்யும் நிற்கவில்லை. கடைசியில் சொதி வந்தது. தேங்காய்ப் பால் வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே மிதந்து போனது.

மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் விரித்த கைகளை எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? மடக்கிக்கொண்டார். மீசை துடித்தது.

"ஏவே, இந்த வாளிக்காரனுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

பக்கத்து இலைக்காரர் திரும்பினார். "என்ன அண்ணாச்சி?"

"எனக்கு வேண்டாம்தான். அது வேற விசயம். ஆனா வேணுமான்னு ஒரு வார்த்த கேக்கணுமா வேண்டாமா? நான் என்ன ஆளா, இல்ல தூணா?"

அப்போதுதான் பக்கத்து இலைக்காரர் அவர் இலையைப் பார்த்தார். "ஐயையோ! தாய்மாமன் இலையில உப்புகூட இல்லயேவே!"

அவ்வளவுதான். மண்டபமே எழுந்துவிட்டது. "தாய்மாமனுக்கு வைக்கலியாம்!" "யாரப்பா அங்க?" "சங்கரலிங்கம் எங்க?" சம்பந்தி எச்சில் கையோடு எழுந்து நின்றார். சங்கரலிங்கம் அப்பளக் கூடையோடு எங்கேயோ ஓடினார். காந்திமதி சொதி வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

பழக்கத்தில் அவர் கை இலையை மறைத்தது. அவள் பின்வாங்கவில்லை. கெஞ்சவும் இல்லை. வாளியை இடக்கையில் பிடித்தபடி, நிறைந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். பெரிய வாளி அது. அவள் கை நடுங்க ஆரம்பித்தது.

நயினார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாளியக் கீழ வையிட்டி. கை கடுக்கும்."

"வைக்க மாட்டேன்."

"பிடிவாதம் பாரு."

"உங்களுக்கு இல்லாத பிடிவாதமா?"

கரண்டியிலிருந்து ஒரு சொட்டுச் சொதி இலை ஓரத்தில் விழுந்தது. நயினார் சட்டென்று கைகளை எடுத்தார்.

"மொதல்ல சோத்தப் போடச் சொல்லு. வெறும் இலையிலயா சொதிய ஊத்தப் போற, கூறுகெட்டவளே!"

சிரிப்பும் அழுகையுமாகக் காந்திமதி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை சோற்று வாளியோடு ஓடி வந்தான். நயினார் முதல் கரண்டியிலேயே 'போதும்' என்றார், யாரும் கேட்கவில்லை. செண்பகாவின் திரையில் அந்தப் பசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. அவளுக்குக் கண் கலங்கித் திரையே சரியாகத் தெரியவில்லை. வாளிக்காரனுக்கு எவ்வளவு நேரம் நின்றாலும் கை வலிக்காது. அவனுக்காக யார் கையை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கைத்திரை ஒலித்தது. 'நிலை: முடிந்தது.'

நிமிர்ந்து பார்த்தாள். ரிஸ்வான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் வருவான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் வரவில்லை. அவளும் போகவில்லை.

அடுத்த வாரம் ஆவணத்தில் ஒரு புதிய தேவையைச் சேர்த்தாள். 'விருந்து கொடுப்பவர் தன் திரையில் ஓர் இலையைத் தொட்டால், கரம் அந்த இலையை மறந்துவிட வேண்டும். ஒரு பந்திக்கு ஓர் இலை.'

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பரிமாறுத மெஷின் மறக்கணும்னு எழுதுதியே, இத எவன் வாங்குவான்?"

"அதுக்குத்தான் சார் வாங்குவாங்க."

வாங்கினார்கள். திருநெல்வேலியில் மனஸ்தாபத்துக்கா பஞ்சம்? பங்காளிகள், ஓரகத்திகள், பத்திரிகையில் பேர் விட்டுப்போன சித்தப்பாக்கள் என்று வாளிக்காரன் ஊர் முழுக்க ஆட்களை மறந்துகொண்டிருந்தான். ஒரு இலை காலியாக இருந்தால் அடுத்தவர்கள் கவனிக்கும் வழக்கமும் மெல்லத் திரும்பி வந்தது. எந்த இலை மறக்கப்படும் என்று தெரியாததால், சாப்பிடும்போதே எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

உபயம் ஆபீஸில் மட்டும் டிக்கெட்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன.

காந்திமதியின் அந்தக் கடைசிப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. வளைகாப்புக்குச் சொதி வைக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. அண்ணன் ஆசைப்பட்டார் என்று காந்திமதி வைத்தாள். ஆறுமுகநயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளிக்காரனுக்கே உத்தரவு போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் வாவே, அந்த வரிசையில பச்சடி இல்ல" என்று பந்தியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

செண்பகாவையும் ரிஸ்வானையும் காந்திமதி நேரில் வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாள். வந்தவர்களை எதிரெதிர் வரிசையில் உட்காரவைத்தவளும் அவள்தான். செண்பகா இலையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உப்பு அவள் இலைக்கு வரவில்லை. பச்சடியும் வரவில்லை. சோறு தலைக்கு மேல் போனபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதிய தேவை அவளுக்கே பலித்திருக்கிறது! சிரிப்பு வந்தது. இனி யாராவது பார்த்துச் சத்தம் போட வேண்டும். யார் போடுவார்கள் என்று தலையை நிமிர்த்தினாள்.

எதிரே ரிஸ்வான் உட்கார்ந்திருந்தான். அவன் இலையும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

செண்பகாவுக்குள் இருந்த உத்தியோகக்காரி விழித்துக்கொண்டாள். கோபம், ரோசம், வைராக்கியம் எல்லாம் மறந்துபோய், வாய் தானாகத் திறந்தது.

"ஒரு பந்திக்கு ஒரு இலைன்னுதான எழுதியிருந்தேன்? ரெண்ட எப்படி விட்டுச்சு?"

ரிஸ்வான் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "மனஸ்தாபத்துக்கு ரெண்டு இலைல்லா வேணும்? ஒண்ணு எப்படிப் போதும்? நீ எழுதின அன்னைக்கே மாத்திட்டேன்."

"ஆவணத்துல இல்லாமலா?"

"இப்போ சேத்துக்கோ."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுதியதற்கு மேல் ஒரு திருகாணி முடுக்காதவன், அவளைக் கேட்காமல் ஓர் இலையை முடுக்கியிருக்கிறான். "அப்போ இன்னைக்குத் தொட்டது யாரு? நீயா?"

"நான் தொடல. நீயோன்னு நெனச்சேன்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தூணோரம் காந்திமதி கைத்திரையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "எல்லாரு தேவையவும் எழுதுத பிள்ளைக்கு அது தேவைய யாரு எழுதுவா?" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"ஏ, ரெண்டு பிள்ளைய இலையிலயும் உப்புகூட இல்லயே!" என்று அதற்குள் ஆறுமுகநயினார் மண்டபம் அதிரக் கத்திவிட்டார். சோற்று வாளியோடு தானே ஓடிவந்து இரண்டு இலையிலும் குவித்தார். சொதி வாளியைத் தூக்கி ரிஸ்வான் கையில் கொடுத்தார். "நீ வையிடே. மெஷின் செஞ்சவன்தான, கரண்டி பிடிக்கத் தெரியாதோ?"

ரிஸ்வான் எழுந்து அவள் இலைக்கு முன்னால் வந்து குனிந்தான். வாளி கனத்தது. கரண்டியைச் சாய்த்தான். மஞ்சளும் வெள்ளையுமாகச் சொதி சோற்றில் இறங்கியது.

"அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கு. நாளைக்குப் பச்சடி கொண்டாரேன்" என்றான் மெதுவாக.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது தெரியக் கூடாது என்று குனிந்துகொண்டாள். கை மட்டும் லேசாக உயர்ந்தது.

"போதும்" என்றாள் செண்பகா.

ரிஸ்வான் நிறுத்தவில்லை.